கிட்டுசாமியின் ஐந்து பங்காளிகள்

பெட்ரோல் பங்கில் கார் கண்ணாடியை இறக்கியதும் கிரெடிட் கார்டுக்கு முன்னால் கேள்வியை நீட்டுகிறார் கிட்டுசாமி. "உங்கள் பாஷையில் கிரேக்கர்களை எப்படிச் சொல்வீர்கள்?" கேட்பது ஆங்கிலத்தில்தான், ஆனால் கோபிச்செட்டிபாளையத்து ஆங்கிலம். நியூ ஜெர்சியில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ளச் சட்டம் விடாது. அதனால் பதில் சொல்ல எப்போதும் ஓர் ஆள் கிடைப்பார். ஈக்வடார்க்காரர் ஒருவர் "க்ரியேகோ" என்றார். கிட்டுசாமி மளிகை ரசீதின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

இப்படியே ஐந்து சேர்ந்துவிட்டன. பீட்சா கடை இத்தாலிக்காரர் தந்தது "க்ரேகோ". புல் வெட்ட வரும் பிரேசில்காரர் "க்ரேகு" என்றார். பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் ருமேனியப் பெண்மணியிடம், வாயில் குழாயை வைத்துக்கொண்டே கேட்டு, "க்ரெக்" வாங்கி வந்தார். ஆபீஸ் பிரெஞ்சுக்காரர் அதையே தொண்டையைச் செருமிச் சொன்னாராம்.

"அஞ்சும் பங்காளிங்க, பாருங்க. லத்தீன்தான் பாட்டன். ஒரே கூட்டம்!" என்றார் என்னிடம். கொங்கு நாட்டில் கூட்டம் என்றால் குலம். ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதுமில்லை. முப்பது வருஷமாக எடிசன் நகரத்தில் டேட்டாபேஸ் வேலை பார்த்தும், கிட்டுசாமி உலகத்தைப் பிரித்து அடுக்குவது இந்தக் கணக்கில்தான்.

இந்தத் திடீர் ஆராய்ச்சிக்குக் காரணம் மகள் வெண்பா. நிக்கோஸ் என்ற கிரேக்கப் பையனை ஜூன் மாதம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். பையனின் அப்பா ஸ்டாவ்ரோஸ், பத்து நிமிட தூரத்தில் டைனர் என்கிற சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். எட்டு மாதமாக அவர் கூப்பிடுகிறார், இவர் போகவில்லை. "மொதல்ல அவங்க யாரு என்னன்னு ஸ்டடி பண்ணோணுமுங்க." ஸ்டடிக்காக இவர் கேட்காத ஆளில்லை, ஒரே ஒரு கிரேக்கரைத் தவிர. எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

போன வாரம் வெண்பா முடிவாகச் சொல்லிவிட்டாள். "அப்பா, மீட் ஹிஸ் டாட் திஸ் சண்டே. ஆர் டோன்ட் கம் டு த வெட்டிங்." இரண்டு நாள் மனுஷர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி கலாவதி சொன்னார்.

ஞாயிறு காலை கிட்டுசாமியும் கலாவதியும் பக்கத்து வீட்டுக்காரனான என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். "சம்பந்தம் பேசப் போறப்ப ஒரு பொதுமனுசன் வேணுமுங்க" என்பது அவர் நியாயம். டைனர் பார்க்கிங்கில் வண்டியை நிறுத்திவிட்டு, சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "ஒத்தப் புள்ளைங்க. அங்க போயிட்டான்னா நம்மள மறந்துருவாளாட்ட இருக்குது." அதுவரை அவரைக் கேலி செய்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

உள்ளே ஸ்டாவ்ரோஸ் ஏப்ரனோடு வந்து எங்களோடு உட்கார்ந்தார். நலம் விசாரித்து முடிவதற்குள் கிட்டுசாமி ரசீதை எடுத்து ஐந்தையும் மடமடவென்று வாசித்துவிட்டார். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஸ்டாவ்ரோஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "மற்றவர்கள் எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையே கிடையாது. நாங்கள் எல்லினெஸ்."

அதையும் எழுதப் போன கிட்டுசாமியின் பேனா நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பி, தமிழில், "இது அந்த அஞ்சோட சேராதுங்களே. வேற கூட்டமாட்ட இருக்குது" என்றார்.

கலாவதி ஆம்லெட்டை வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். "வேற கூட்டம்னா பொண்ணு குடுக்கலாமில்லீங்க? அப்பறம் என்னங்க ரோசனை?"

கிட்டுசாமி என்னைப் பார்த்தார். பொதுமனுஷனான நான் மெனு கார்டைப் பார்த்தேன். ஸ்டாவ்ரோஸுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று எங்கள் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பரிமாறும் பெண் காபி ஜாடியோடு வந்தாள். கிட்டுசாமி சட்டென்று எழுந்து அதை அவள் கையிலிருந்து வாங்கினார். பந்தியில் சம்பந்தியைக் கவனிக்கும் பெண் வீட்டுக்காரராக இடுப்பை வளைத்து, கடை முதலாளியின் கோப்பையில் தானே காபியை ஊற்றினார்.