பிரான்சிசு பொம்மைக்குத் துணி கேப்பு

துணிதான்யா. நீ செத்துட்டா பசை கேப்பு சரின்னு ஆயிடுமா? பறக்குற ஹீரோவுக்கு முதுகுல கட்டுற கேப்பு துணியிலதான் இருக்கணும். நீ கல்லா இறுகுற பசைய இழுத்து, காத்துல பறக்குற மாதிரி மடிப்பு மடிப்பா வெச்ச. எல்லாரும் வாயப் பொளந்தாங்க. எனக்கு அது கூரையில பிச்சிக்கினு நிக்கிற தகரம் மாதிரிதான் தெரிஞ்சுது. நாம இந்தப் பேச்ச இன்னும் முடிக்கல. பாதியில எழுந்து போனவன் ஜெயிச்சவன் இல்ல.

என்னம்மா ரீட்டா, முறைக்கிற? உங்க அப்பாகிட்டதான் பேசிக்கினு இருக்கேன். போனு ரெக்கார்டு ஆவுதா? சரி. முப்பதாம் நாள் பூசைக்கு அச்சடிக்கிற நோட்டீசுல போட, அப்பாவப் பத்தி சொல்லுங்க வேலு மாமான்னு கேட்ட. நாலாம் கிளாசு படிச்சவன், எழுத வராது. சொல்றேன். அதுல நல்ல வார்த்தைய நீயே பொறுக்கிக்க.

அன்னிக்கி நான் குறிஞ்சிப்பாடியிலேர்ந்து பஸ் ஏறி வந்தேன். பையில புதுசா முடிச்ச ஹீரோ பொம்ம, மார்பு ரெண்டும் ரெண்டு படி அரிசி மாதிரி. உங்க அப்பா மொகம் கோணுறதப் பாக்கத்தான் வந்தேன். உங்க பிளாக் திரும்புனா வாசல்ல வரிசையா சேரு. ஏதோ விசேஷம், என்னை மட்டும் கூப்பிடலன்னு மொதல்ல கோவம்தான் வந்துது. அப்புறம் பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா சொன்னாங்க, காப்பி குடிச்சிக்கினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாருன்னு. அந்தப் பொம்மய எங்க வெக்கிறதுன்னு தெரியல. கல்லறை வரைக்கும் கையிலயே வெச்சிக்கினு நடந்தேன். அப்பக்கூட ஒருத்தரும் அதத் திரும்பிப் பாக்கல.

அவரத் தெரியாதவங்களுக்கு சொல்றேன். பிரான்சிசும் நானும் ஒண்ணா கான்ட்ராக்ட்டுல நெலக்கரி மைன்சுக்குள்ள எறங்குனவங்க. அவரு மொதல்ல பர்மனென்ட் ஆனாரு. அவருக்கு மொதல்ல குவார்ட்டர்ஸ் கெடச்சுது. அவரு வூட்டு முருங்க மொதல்ல காச்சுது. அவரு பொண்ணு இன்னிக்கி பர்மனென்ட்டு, என் பையன் இன்னும் கான்ட்ராக்ட்டு. இதுல எதையும் அவரு வாய் விட்டு சொன்னதில்ல. சொல்லியிருந்தா திட்டியாவது இருப்பேன்.

பொம்ம வேலைய ஆரம்பிச்சது அவரு இல்ல, நானும் இல்ல. எதிர் குவார்ட்டர்ஸ்காரங்க மாத்தலாகிப் போனாங்க. காலி பண்ணிக்கினு போறவங்க பிள்ளைங்களோட ஒடஞ்ச விளையாட்டு சாமான மூட்டையா வாசல்ல வெச்சிட்டுப் போவாங்களே, அதுல கையில்லாத சூப்பர் ஹீரோ பொம்ம ஒண்ணு கெடந்துது. பைப்பு ஒழுகுனா அடைப்பாங்களே, ரெண்டு துண்டா வரும், பிசைஞ்சா டீ ஆறுறதுக்குள்ள இறுகிடும், அந்தப் பசையில பிரான்சிசு அதுக்கு ஒரு கை செஞ்சாரு. நான் பாத்தேன். அந்த வாரமே நானும் பசை வாங்கிட்டேன்.

அதுலேர்ந்து யாரு காலி பண்ணாலும் ரெண்டு பேரும் வழியனுப்பப் போயிடுவோம். அவரு பீரோவத் தூக்கக் கை குடுப்பாரு, நான் மூட்டையக் கிளறிக்கினு இருப்பேன். கடைசியில அந்த வூட்டுக்காரங்க நல்ல பொம்மையா நாலு எடுத்து, பீரோ தூக்குனவரு கையில குடுத்துட்டுப் போவாங்க. இதுக்கு என்னா சொல்றது?

பழைய பொம்மைக்கு மேல பசைய அப்பி, பிளேடால செதுக்கி, உப்புத்தாள்ல தேச்சு, வேற ஆளாவே ஆக்கிடுவாரு. நம்ம பழுப்பு நெலக்கரிய இடிச்சு மாவாக்கி பெயின்டுல கலந்து ஒரு ஹீரோவுக்கு சட்ட போட்டாரு. அந்தப் பழுப்பு எந்தக் கடையிலயும் கெடைக்காது. நான் அடுப்புக் கரிய அரைச்சுப் பூசுனேன். தொட்டவங்க கையெல்லாம் கறுப்பு, என் சம்சாரம் தலகாணி உறை வரைக்கும் கறுப்பு.

கைய மட்டும் கடைசியாத்தான் செய்வாரு. தன் இடது கையத் தூக்கி முன்னால வெச்சிக்கினு, அதப் பாத்துப் பாத்து செய்வாரு. சின்ன வயசுல சைக்கிள் செயின்ல மாட்டி அவரு மோதிர விரல் பாதியில போச்சு, உனக்குத் தெரியும். அதனால அவரு செஞ்ச ஹீரோ அத்தன பேருக்கும் இடது கையில மோதிர விரல் குட்ட. ஒலகத்தக் காப்பாத்துறவனுக்குத் தன் வெரலக் காப்பாத்திக்கத் தெரியலியான்னு கேட்டேன். பொம்மயத் திருப்பிப் பாத்தாரு. அதுவரைக்கும் அவருக்கே தெரியாது. அதுக்கப்புறமாவது மாத்துனாரா? இல்ல. வேணும்னே செஞ்சாரு.

ஒருக்கா பொங்கலுக்கு கிளப்புல கண்காட்சி. என் பொம்மயும் அவரு பொம்மயும் ஒரே மேசையில. கூட்டம் பூரா அவரு பக்கம். என்னது மார்பு கனம் தாங்காம மூஞ்சி குப்புற விழுந்துக்கினே இருந்துது. யாரோ ஒரு அம்மா பாவம் பாத்து பிஸ்கட் பாக்கெட்ட முட்டுக் குடுத்தாங்க. உங்க அப்பா காதுகிட்ட வந்து, "வேலு, பாதத்தப் பெருசா போடுய்யா"ன்னாரு.

"பறக்குறவனுக்கு எதுக்குய்யா பாதம்?"

"எறங்கணும்ல."

அவ்ளோதான் சொன்னாரு. வூட்டுக்குப் போறவரைக்கும் பஸ்சுல என் பொம்மையோட பாதத்தயே திருப்பித் திருப்பிப் பாத்துக்கினு போனேன்.

சரி, கடைசிப் பொம்மைக்கு வரேன். அவரு மேசையில ஒண்ணு நின்னுது. எல்லாம் முடிஞ்சிட்டுது, இடது கையும் கேப்பும் மட்டும் பாக்கி. முப்பதாம் நாள் அப்பா படத்துக்கிட்ட வெக்கணும், முடிச்சுக் குடுங்க மாமான்னு நீ குடுத்த. பஸ்சுல மடியில வெச்சிக்கினு போனேன். உண்ம சொல்லட்டா? சந்தோசமா இருந்துது. அந்த ஒரு கையாவது வேலு செஞ்ச கைன்னு ஊரு பாக்கட்டும்னு நெனச்சேன். அவரு முகத்துக்கு முன்னாலயே, அவரு பொம்மையிலயே.

என் கையத் தூக்கி வெச்சிக்கினு செஞ்சேன். அஞ்சு வெரலும் முழுசா. பொய் சொல்லல, நான் செஞ்சதுலயே நல்ல கை அதுதான். நகம்கூட வந்துது. பூசையில பாக்குறவங்க எண்ணிப் பாத்தா போதும், இது பிரான்சிசு இல்ல, வேலுன்னு தெரிஞ்சிடும். ஒட்டி வெச்சு எதிர்ல ஒக்காந்தேன். உடம்பு பூரா அவரு நிக்கிறாரு, முழங்கைக்குக் கீழ என் கை. பக்கத்து வூட்டுக்காரன் சட்டைய மாட்டிக்கினு கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி இருக்கு. சாப்பிட்டு வந்து பாத்தேன், அப்படித்தான் இருக்கு. திருப்பி வெச்சுப் பாத்தேன், அப்பவும் அப்படித்தான்.

பிளேட எடுத்து மோதிர விரலப் பாதியில அறுத்துட்டேன். அப்ப வந்து நின்னாரு பாரு, உங்க அப்பா.

இப்ப யாருக்குத் தெரியும் நான் செஞ்சேன்னு? எல்லாரும் பிரான்சிசு கைன்னுதான் சொல்லுவாங்க. இதுக்குன்னே பாதியில விட்டுட்டுப் போனாரோ என்னவோ. அதனால நோட்டீசுல கீழ ஒரு வரி போட்டுடும்மா, சின்ன எழுத்துல போட்டாலும் சரி, இடது கை மட்டும் குறிஞ்சிப்பாடி வேலுன்னு... இரு, பொம்மயச் சுத்துன பேப்பர மெதுவாப் பிரி, கேப்பு மாட்டிக்கப் போவுது. ஆமாம், துணிதான். என் சேப்புத் துண்டுல கிழிச்சது. விரலுக்கு நான் விட்டுக் குடுத்தேன், கேப்புக்கு அவரு விட்டுக் குடுக்கட்டும்.

என்னம்மா, கையவே பாத்துக்கினு இருக்க? நல்லா இல்லியா? எங்க எழுந்திரிக்கிற? அம்மாகிட்ட காட்டவா? காட்டலாம்மா, நான் இன்னும் முடிக்கல, அந்த வரிய... ரெக்கார்டு ஆவுற போன இங்கயே வெச்சிட்டுப் போறியே, ரீட்டா.

போயிட்டா.

யோவ் பிரான்சிசு, அங்க பாருய்யா. உம் பொண்ணு உன்ன நெஞ்சோட அணைச்சிக்கினு வராந்தாவுல போறா. தோளுக்கு மேல பாரு, கேப்பு எப்படி ஆடுதுன்னு. பசை ஆடுமா? நீ போ, நல்லபடியா போய் எறங்கு. பாதம்தான் பெருசா போட்டுக்கினியே. ஆனா ஒண்ணு, போனு நிக்கிறதுக்குள்ள சொல்லிடுறேன், கேப்பு விசயத்துல மட்டும் நான் சொன்னது...