தணிகாசலம் வாங்கிய அடி

சூடேறிய டிவிப் பெட்டியின் முதுகிலிருந்து தூசி கருகும் வாசனை ஒன்று வரும். பல்லாவரத்துத் தோல் கம்பெனியில் வேலை முடித்து வந்து எவ்வளவு சோப்புப் போட்டாலும் அப்பாவை விட்டுப் போகாத தோல் நாற்றமும் அதோடு சேர்ந்துகொண்டால், எனக்கு அது சனிக்கிழமை சாயங்காலம், இந்திப் படம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம். இதை எழுதும்போதே ரத்தம் கொதிக்கிறது. வாசனையால் அல்ல, ஒரு நடிகருக்கு வாழ்நாள் முழுக்க நடந்த அநியாயத்தால். கொதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், நடுநடுவே தண்ணீர் குடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

அப்பா இளவயதில் ரயில் நிலையப் பலகையின் இந்தி எழுத்துமேல் தார் பூசியவர். தெருவின் முதல் டிவி எங்கள் வீட்டுக்கு வந்து, வாராவாரம் இந்திப் படமும் கூடவே வந்தபோது அவருக்குப் பெரிய தர்மசங்கடம். பெட்டியை அணைத்தால் தெரு கோபித்துக்கொள்ளும்; இந்தியைக் காதில் வாங்கினால் கொள்கை கோபித்துக்கொள்ளும். ஆகவே சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, திரையில் வாயசைத்த அத்தனை பேருக்கும் அவரே தமிழில் பேசினார். கதாநாயகிக்கு மட்டும் தொண்டையைச் சற்று உயர்த்துவார். பாட்டு வந்தால், "போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்று எல்லோரையும் எழுப்பி விடுவார். எங்கள் தெருவில் இதற்குப் பெயர் "ஊமைப் படம்".

அந்தப் படங்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு நடிகர் வருவார். முதலாளி சோபாவில் சாய்ந்திருக்க, பின்னால் கைகட்டி நிற்கும் அடியாள். அகன்ற நெற்றி, தூக்கம் போதாத கண்கள். கதாநாயகன் முதல் குத்தை இவர் மூக்கில்தான் விடுவான். அப்பாவுக்கு அவரைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிட்டது. தணிகாசலம் என்று பெயர் வைத்தார். அதன்பின் எந்தப் படமானாலும் அவர் எங்களுக்குத் தணிகாசலம், குடும்பஸ்தர், வேறு வேலை கிடைக்காமல் இந்த வேலைக்கு வந்தவர். கதாநாயகியின் கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றும்போது, அப்பாவின் குரலில், "கோவிச்சுக்காதம்மா, மொதலாளி கூட்டியாரச் சொன்னாரு. எனக்கும் ஒரு பொண்ணு கீது, ரெண்டு நாளா ஜுரம்" என்பார். கூடியிருந்த பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். அந்த நேரம் பார்த்துக் கதாநாயகன் குதித்து வந்து அடிப்பான். ஊரெல்லாம் அவனுக்குக் கைதட்டல் விழுந்திருக்கும். எங்கள் வீட்டில் திட்டுதான் விழுந்தது. "ஜுரத்துல கெடக்கற கொழந்தையோட அப்பனப் போட்டு அடிக்கறானே, கட்டைல போறவன்" என்பாள் பக்கத்து வீட்டு ராணி அக்கா.

எனக்கு மட்டும் உண்மை தெரிந்துபோயிற்று. தாம்பரம் விமானப்படைக் குடியிருப்பிலிருந்து வந்த வகுப்புத் தோழன் ஒருவன், "அந்தாளு வில்லன்டா, ஒரு ஊரையே கொளுத்துவான்" என்று படத்தின் கதையை அப்படியே சொல்லிவிட்டான். வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. அப்பா சொன்னது பொய் என்று தெரிந்தால் தெரு அவரைச் சும்மா விடுமா? இப்படியிருக்க, மாடியில் குடிவந்த விமானப்படைக்காரர் திவாரி சாரை, "சனிக்கெழம ஒங்க ஊரு படம் சார், அவசியம் வாங்க" என்று அப்பாவே வாசலில் நின்று அழைத்தார்.

அந்தச் சனிக்கிழமை நான் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிப்பீர்கள். வயிற்றுவலி என்று சுருண்டு படுத்தேன். அம்மா ஓமத்தண்ணீர் கொடுத்து எழுப்பி உட்காரவைத்தாள். மொட்டைமாடிக்கு ஏறி ஆன்டெனாவை வேறு பக்கம் திருப்பிவிட்டு வந்தேன். அது நாள்வரை புள்ளி புள்ளியாகத் தெரிந்த படம் அன்றைக்குத்தான் கண்ணாடி மாதிரி துலங்கியது. "இன்னிக்கு இன்னாமா தெரியுது" என்று தெருவே மகிழ்ந்தது.

படம் தொடங்கியது. தணிகாசலம் வந்தார், ஜீப் வந்தது, ஜுரம் வந்தது. திவாரி சார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இல்லே சார்," என்றார், மார்க்கெட்டில் கற்ற தமிழில், "இந்த ஆளு ரொம்ப கெட்டவன். பொண்ணைத் தூக்கினு போறான். அவனுக்குக் கொழந்தே இல்லே, ஜுரம் இல்லே."

அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயந்து, கட்டிலுக்கடியில் புகுந்துவிடலாமா என்று நான் இடத்தை அளந்துகொண்டிருந்தேன். அப்போது ராணி அக்கா கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு கேட்டாள்: "இன்னா சார், நேத்து வந்துகினு, தணிகாசலத்தப் பத்தி எங்களுக்கே சொல்றீங்களா? அந்தக் கொழந்தைக்குப் போன வாரமே அம்மை போட்டுச்சே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்க சொல்றது எழுதிக் குடுத்த வசனம் சார். நான் சொல்றது அந்தாளு மனசுல ஓடறது. மொதலாளியப் பாருங்க, சோபால ஒக்காந்துகினு கீறான். அவம்மேல ஒரு அடி வுழுதா?"

திவாரி சார் திரையைப் பார்த்தார். அங்கே முதலாளி உண்மையிலேயே காலாட்டிக்கொண்டு ஏதோ குடித்துக்கொண்டிருந்தான். சற்றுநேரம் தாடையைச் சொறிந்தவர், "ஆமா சார், ஒண்ணுகூட வுழல" என்றார். அடுத்த வாரம் அவர்தான் முதலில் வந்து உட்கார்ந்தார். கதாநாயகன் கையை ஓங்கியபோது இந்தியில் அவனைத் திட்டிய திட்டை அப்பாகூட ரசித்தார்.

அதன்பின் தணிகாசலத்தை நான் விடவே இல்லை. பட்டணத்தில் எங்கே இந்திப் படம் ஓடினாலும் போவேன். அடியாளாக இருந்தவர், எல்லாம் முடிந்தபின் வந்துசேரும் இன்ஸ்பெக்டரானார், பிறகு சுத்தியலைத் தட்டும் நீதிபதியானார், கடைசியில் டீத் தட்டைக் கொண்டுவந்து வைக்கும் வேலைக்காரராகி மறைந்தே போனார். அவரை அடித்தவர்களோ தலைக்கு மை பூசிக்கொண்டு பேத்தி வயதுப் பெண்களோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். கூரையிலிருந்து விழும் காட்சியில் முதுகெலும்பு நொறுங்கி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யாரும் வந்து பார்க்கவில்லை என்று அவருடைய மகள் சமீபத்தில் ஒரு பேட்டியில் சொன்னார். அதே படப்பிடிப்பில் கதாநாயகனின் நாய்க்குத் தனி கார் வந்ததாம். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

போன வாரம் அவர் இறந்துபோனார். டிவியில் அரை வரி ஓடியது. போட்டிருந்த போட்டோவோ வேறொரு நடிகருடையது, அந்த மனிதர் இன்னும் உயிரோடு இருக்கிறார். சேனலுக்குப் போன் போட்டேன். "இவரு போட்டோ க்ளியரா கெடைக்கல சார், அதான் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கறவரப் போட்டோம்" என்றது ஒரு பெண் குரல். கிட்டத்தட்ட. எங்கள் கோவிலம்பாக்கம் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில், "தணிகாசலம் காலமானார். மனம் தாங்கவில்லை" என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். எழுந்து பார்த்தால் நூறு கும்பிடும் கைகள். கீழே கேட்டருகே ஃப்ரீசர் பெட்டியோடு ஒரு வண்டி. பக்கத்தில் லிப்டை நிறுத்திவைத்துவிட்டுக் காத்திருந்த செக்ரட்டரி.

"எந்த பிளாக் சார்? ஒங்க வீட்ல தட்டினா யாரும் கதவே தெறக்கல" என்றார், நான் இறங்கிப் போனதும்.

விஷயத்தைச் சொன்னேன். செக்ரட்டரியின் முகம் சிவந்தது. "எந்தப் படத்துல சார் ஹீரோ?"

"ஒண்ணுலயும் இல்ல."

"அப்புறம் எதுக்கு சார் இந்தக் கூத்து?"

அவருக்கு எதிலிருந்து தொடங்கிச் சொல்வது? பல்லாவரத்து வீடு இருந்த இடத்தில் செல்போன் கடை, அப்பா இல்லை, ராணி அக்கா இல்லை, அந்தச் சனிக்கிழமைகளுக்குச் சாட்சி சொல்ல ஒருவர் இல்லை. போனைத் திறந்து, பேட்டியில் மகள் காட்டிய பழைய படத்தை நீட்டினேன். செக்ரட்டரிக்கு முன்னால் வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார், நரைத்த மீசைக்காரர்.

"இவரா," என்றார். "சின்ன வயசுல எங்கண்ணனோட சினிமாக் கொட்டாய்ல பாத்துக்கீறேன். இன்னா அடி சார் வாங்குவாரு. பாவம்."

வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பினார். செக்ரட்டரி படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு வீட்ல யார் யாரு சார் இருக்காங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"ஒரு பொண்ணு" என்றேன்.