அக்கா விட்ட இரண்டு சொட்டு

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். உத்திரமேரூர் பக்கம் அறுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. நான் எட்டாவதோடு படிப்பை விட்டு, நெல் லாரிகளில் கிளீனராக ஊர் ஊராகத் திரிந்தவன். கண்ணாடியின் பவர் பத்துக்கு மேல். கழற்றினால் என் கைரேகையையே மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். டிரைவராக வேண்டும் என்ற ஆசையில், சேர்த்து வைத்ததையெல்லாம் கட்டிச் சென்னையில் பவரைக் குறைக்கும் லேசர் சிகிச்சை செய்துகொண்டேன். முதலில் வலது கண். அது நன்றாக வந்தால் பிறகு இடது.

திருப்புலிவனத்தில் அக்கா வீட்டில் தங்கினேன். முதல் நாள் சுவரில் இருந்த காலண்டரைப் படுத்தபடியே படித்தேன். மறுநாள், களத்துத் தூசியோ என்னவோ, கண் எரிந்தது. அக்காவிடம் கைக்குழந்தை இருந்தது. "கொயந்தைக்குக் கண்ணு பொங்கனப்போ இதான்டா வுட்டேன், குளுந்துடும்" என்று தாய்ப்பால் இரண்டு சொட்டு விட்டாள். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதுதான்.

விடிந்தபோது கண் செக்கச்சிவந்து கிடந்தது. எதிரே எல்லாம் புகை. கண்ணாடி இல்லாமல் இடது கண்ணில்தான் எப்போதுமே ஒன்றும் தெரியாதே. குழந்தையைத் தூக்கிக்கொண்டு அக்காவும் என்னோடு சென்னைக்கு பஸ் ஏறினாள். வழியெல்லாம், "அந்த போர்டு தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில் ஊர்ப் பெயர்களை வரிசையாக ஒப்பித்தேன். "அந்த ஊரு தாண்டி எம்மா நேரமாச்சி, யார்கிட்டடா கதை உடற?" என்றாள். கிளீனர் வேலையும் போய், யார் கையையாவது பிடித்துக்கொண்டு நடக்கப்போகிறேன் என்றே தோன்றியது.

லேசர் செய்த டாக்டரம்மா நெடுநேரம் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தாங்கள் கொடுத்த மருந்தைத் தவிர வேறு ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். அக்கா திட்டு வாங்குவாளே என்று, இல்லை என்றேன்.

"போட்டங்கம்மா. என் பாலை நான்தான் வுட்டேன். திட்றதுன்னா என்னத் திட்டுங்க, அவன் கண்ண மட்டும் பாருங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. இது தெரியாமல் இருந்திருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பேன் என்று மட்டும் சொன்னார். என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டு, மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விடச் சொன்னார். புகை மெல்ல மெல்லத்தான் விலகியது. வீட்டுக்கு அனுப்பும்போது, "பவர்தான் குறைஞ்சிருக்கு. உள்ளே இருக்கறது அதே பலவீனமான கண்ணுதான். மின்னல் மாதிரி ஏதாவது தெரிஞ்சா விழித்திரை விலகுதுன்னு இருக்கலாம், உடனே வரணும்" என்றார். அந்தப் பயம் இன்றும் என்னோடு இருக்கிறது.

மாதங்கள் கழித்து இடது கண்ணுக்கும் செய்தார்கள். மிச்சமிருக்கும் பவருக்கு மெல்லிய கண்ணாடி போட்டிருக்கிறேன். இருட்டினால் எதிர் வண்டியின் விளக்கு பூவாக விரிகிறது. அதனால் பகலில் மட்டும் லாரி ஓட்டுகிறேன். அன்று டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொன்னபோது அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, அவ்வளவு புகை. ஆனால் எதையாவது மறைக்கலாமா என்று நினைக்கும்போதெல்லாம் அவள் குரல் மட்டும் தெளிவாகக் கேட்கிறது.