முப்பத்தாறு கேலனும் ஒரு மூங்கில் குச்சியும்

சூளகிரியிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக அணை கட்டும் முகாமுக்கு இருபத்திரண்டு மைல். போக வர நாற்பத்து நாலு. 1956-ஆம் ஆண்டு ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் முகாம் ஆஸ்பத்திரி டாக்டர் ஜோதியம்மாளின் பழைய ஆஸ்டின் காரை இந்த நாற்பத்து நாலு மைலும் ஓட்டியவர் கங்கப்பன். வயது முப்பத்தெட்டு. கல்லாவிப் பக்கம் கூலிக் குடும்பத்தில் பிறந்து, பதினாறு வயதில் லாரியில் கிளீனராக ஏறியவர். எழுத்தும் எண்ணும் அவருக்கு வந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, லாரியின் டிரிப் சீட்டுகளில். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வண்டிகளெல்லாம் கரியை எரித்து அந்தப் புகையில் ஓடியபோது, ஒரு மூட்டை கரியில் எத்தனை மைல் என்று கணக்குப் போடக் கற்றுக்கொண்டார். அந்த நாளில்தான் ஒரு கரி லாரியைக் கிளப்ப முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது அது திருப்பி அடித்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அதற்குப் பிறகு எந்த வண்டிக்கும் அவர் ஹேண்டில் போட்டதில்லை.

லாரியில் அவர் கழித்தது பதினெட்டு வருஷம். சேலம், சித்தூர், பெங்களூர் என்று மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். டாக்டரம்மாவிடம் வேலைக்கு வந்த பிறகுதான் மனைவி ரங்கம்மா கையால் தினமும் இரவுச் சாப்பாடு என்பது வாய்த்தது. அவருடைய நோட்டில் மூன்று பத்திகள் இருந்தன. ஒன்றில் மைல், ஒன்றில் பெட்ரோல், மூன்றாவதில் வீடு வந்து சேர்ந்த நேரம்.

அந்த ஏப்ரல் மாதக் கடைசியில் முகாம் ஆபீசிலிருந்து டாக்டரம்மாவுக்கு ஒரு காகிதம் வந்தது. திரும்பி வரும் வழியில் அவர் அதைப் படித்துச் சொன்னார்.

"கங்கப்பா, இந்த மாசம் எத்தனை கேலன் ஆச்சு?"

"நாப்பத்தொண்ணுங்கம்மா."

"இனி முப்பத்தாறு கேலனுக்குத்தான் பெட்ரோல் சீட்டு தருவாங்களாம். ரெண்டு மாசம் பொறுத்துக்கறாங்க. ஜூலையிலயும் அதுக்குள்ள வரலைன்னா நான் முகாம்லயே ஒரு வீட்டில தங்கிக்கணும். கார் வேண்டாம்னு எழுதியிருக்காங்க."

கார் வேண்டாமென்றால் கங்கப்பனும் வேண்டாம். மறுபடி லாரிதான். அன்று இரவு ரங்கம்மாவிடம் சொன்னபோது அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே, "அஞ்சு கேலன்தானே மாமா, குறைச்சிப்புட மாட்டியா?" என்றாள். அவள் குரலில் கேலி இருந்தாலும் குழம்பு தட்டுக்கு வெளியே விழுந்தது.

மறுநாள் மே ஒன்றாம் தேதி கங்கப்பன் இரண்டு காரியங்களைத் தொடங்கினார். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கியதுதான் தவறு என்பது அவருக்குத் தெரிய ஏழு வாரம் ஆயிற்று.

முதல் காரியம் ஒரு மூங்கில் குச்சி. டேங்கில் ஒரு கேலன் ஊற்றும்போது எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, அந்த இடைவெளியைக் கத்தியால் எட்டாகக் கீறினார். காலையில் புறப்படுமுன் ஒருமுறை, முகாமில் நின்றதும் ஒருமுறை, அங்கிருந்து புறப்படும்போது ஒருமுறை, டாக்டரம்மா வீடு வந்ததும் ஒருமுறை. நாளைக்கு நாலு தடவை குச்சியை விட்டு, நனைந்த கோட்டை எண்ணி நோட்டில் எழுதினார்.

இரண்டாவது, மேலுமலை இறக்கம். சூளகிரியைத் தாண்டிப் போனால் சாலை அங்கே மளமளவென்று கீழே இறங்கும். லாரிக்காரர்கள் பலரும் அந்த இடத்தில் என்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் வண்டியை உருட்டுவார்கள். கங்கப்பனும் லாரி நாளில் செய்ததுதான். டாக்டரம்மா வண்டியில் இதுவரை செய்ததில்லை. இப்போது செய்தார். பின்சீட்டில் அவர் காகிதங்களில் மூழ்கியிருப்பார். காற்றுச் சத்தத்தில் என்ஜின் நின்றது அவருக்குத் தெரியவில்லை.

முதல் வாரக் கணக்கைப் பார்த்துக் கங்கப்பனுக்கே நம்ப முடியவில்லை. காலையில் இருபத்திரண்டு மைலுக்கு ஒன்றரைக் கோடு. அதாவது கால் கேலனுக்கும் குறைவு. சாயங்காலம் ஏறி வருவதற்குப் பத்துக் கோடு. உருட்டினால் பெட்ரோலே செலவாவதில்லை என்றல்லவா குச்சி சொல்லுகிறது என்று நினைத்தார். அதன்பின் சிறு சரிவுகளிலும் என்ஜினை அணைக்கத் தொடங்கினார். குருபரப்பள்ளிக்கு முன்னால் இருக்கும் சின்னச் சரிவைக்கூட விடவில்லை.

ஆனால் மாதக் கடைசியில் நாற்பது கேலன் ஆகியிருந்தது. அந்த மாதம் வேலை நாள் இரண்டு கூட என்றாலும் முப்பத்தாறு எங்கேயோ இருந்தது. கிருஷ்ணகிரி பங்கில் கையால் பம்பு அடித்துக் கண்ணாடிக் குடுவையில் பெட்ரோல் ஏற்றுகிற திம்மப்பன் கேட்டான்.

"ஏனப்பா கங்கப்பா, உன் வண்டி குடிக்கறதைப் பார்த்தா சாராயக் கடையே தேவல போல."

"சாயங்காலம் ஏத்தத்துலதான் போவுது. காலையில ஒண்ணுமே இல்ல."

"அப்ப காலையில மட்டும் போ. சாயங்காலம் அம்மாவை பஸ்ல ஏத்திவுடு."

கங்கப்பன் சிரித்துவிட்டு, சீட்டைக் கொடுத்துக் குடுவை காலியாகும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜூன் பதினாலாம் தேதி, வியாழக்கிழமை. மாங்காய்ப் பருவம். மேலுமலை இறக்கத்தின் இரண்டாவது வளைவில் என்ஜின் இல்லாமல் கார் உருண்டுகொண்டிருந்தது. வளைவைத் தாண்டியதும் எதிரே நடுச்சாலையில் ஒரு மாட்டுவண்டி, கூடை கூடையாக மாங்காயோடு. பிரேக்கை மிதித்தார். ஆறு வாரத்துக்கு மேலாகத் தினமும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கிய வண்டி. தேய்ந்து சூடேறிய பிரேக் பாதி பிடித்தது, பாதி வழுக்கியது. கியரில் போடப் பார்த்தார், விழவில்லை. கடைசியில் இடது பக்கம், சாலை போடக் குவித்திருந்த ஜல்லிக் குவியலில் வண்டியை ஏற்றினார். கார் ஜல்லியில் புதைந்து நின்றது. பின்னால் டாக்டரம்மாவின் மருந்துப் பெட்டியிலிருந்து கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. மாடுகள் மிரண்டதில் இரண்டு கூடை மாங்காய் உருண்டு பள்ளத்தில் இறங்கியது.

வண்டிக்காரி வெள்ளையம்மா கீழே குதித்தாள். ஐம்பது வயதிருக்கும்.

"ஏய்யா, சத்தமே இல்லாம வரியே, நீ காரா பூனையா? ஹாரன் அடிக்கக்கூடாதா? என் மாடு செத்திருந்தா உன்னையத்தான் நுகத்தடியில பூட்டியிருப்பேன்."

"தப்புதாம்மா" என்று கங்கப்பன் பள்ளத்தில் இறங்கி மாங்காய்களைப் பொறுக்க ஆரம்பித்தார். டாக்டரம்மாவும் இறங்கிச் சேலையைச் செருகிக்கொண்டு பொறுக்கினார். அதைப் பார்த்த வெள்ளையம்மாவின் குரல் தணிந்தது. கூடைகள் நிறைந்து மாட்டுவண்டி போன பிறகு டாக்டரம்மா கேட்டார்.

"அவ சொன்னது சரிதானே? சத்தமே இல்ல. எத்தனை நாளா என்ஜினை அணைக்கிறே?"

"முப்பத்தொம்பது நாளுங்கம்மா. இன்னியோட."

நாளைக்கூட எண்ணி வைத்திருக்கிற மனிதனிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியவில்லை போலும்.

"முகாம்ல தங்கறதுன்னா தங்கிக்கறேன் கங்கப்பா. ஆனா நான் ஆஸ்பத்திரிக்குப் போறது டாக்டராப் போகணும். இனிமே அணைக்கக்கூடாது."

"சரிங்கம்மா."

காரை ஜல்லியிலிருந்து தள்ளி எடுத்து, கங்கப்பன் முதலில் பிரேக்கைப் பழுது பார்க்கச் செய்தார். பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் காலை மேலுமலையில் கியரிலேயே, என்ஜின் உறுமிப் பிடித்துக்கொள்ள மெதுவாக இறங்கினார். முகாமில் குச்சியை விடும்போது ஆறு கோடாவது குறைந்திருக்கும் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டார். குறைந்திருந்தது ஒன்றரைக் கோடும் மயிரிழையும். துடைத்துவிட்டு மறுபடி விட்டார். அதேதான். அடுத்த நாளும் அதேதான். அப்படியானால் உருட்டியதில் மிச்சமானது அந்த மயிரிழை மட்டுமா? பின்னே காலையில் ஏன் பெட்ரோல் போகவில்லை, சாயங்காலம் மட்டும் எங்கே போகிறது?

விடை ஜூன் இருபதாம் தேதி கிடைத்தது, அதுவும் ஒரு கல்யாணப் பந்தலால்.

டாக்டரம்மா வீட்டுத் தெரு சரிவானது. வண்டியின் பேட்டரி பலவீனமானது. ஹேண்டில் போட மணிக்கட்டு இடம் தராது. அதனால் கங்கப்பன் தினமும் காரை மூக்கு கீழே பார்க்கும்படி அந்தச் சரிவில் நிறுத்துவார். காலையில் பிரேக்கை விட்டால் தானே உருளும், இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். சாயங்காலம் முகாமில் கூலியாட்கள் தள்ளிக் கிளப்பிவிடுவார்கள். ஊரில் பேட்டரி செத்த வண்டி வைத்திருந்த எல்லோரும் செய்வதுதான். அன்று தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்ததால் தெருமுனையில், சமதரையில் நிறுத்த வேண்டியதாயிற்று. வழக்கப்படி குச்சியை விட்டார். பத்துக் கோடு குறைந்திருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் குறைந்திருந்தது.

அவர் தெருச் சரிவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பந்தல்காரர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, காரைப் பத்தடி தள்ளிச் சரிவின் தொடக்கத்தில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தி மறுபடி குச்சியை விட்டார். ஒரு சொட்டுகூடச் செலவாகாமல் மூன்று கோடு காணாமல் போயிருந்தது.

பெட்ரோல் ஊற்றும் வாய் வண்டியின் பின்பக்கம். மூக்கு கீழே பார்த்தால் டேங்கிலிருக்கும் பெட்ரோல் முன்பக்கம் ஓடிவிடும். ஆக வீட்டில் எடுத்த அளவெல்லாம் மூன்று கோடு குறைவு, சமதரையான முகாமில் எடுத்ததெல்லாம் சரி. காலைப் பயணத்துக்கு ஒன்றரையல்ல, நாலரைக் கோடு. சாயங்காலத்துக்குப் பத்தல்ல, ஏழு. ஒரு நாள் தவறாமல், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், தப்பாக எழுதியிருந்தார்.

வீட்டுக்குப் போய் ரங்கம்மாவிடம் சொன்னார். அவள் சிரிப்பை அடக்கவே இல்லை.

"எண்ணெய்ச் சட்டிய சாய்ச்சு வெச்சிட்டு இந்தப் பக்கம் எண்ணெயே இல்லன்னா யாரு நம்புவா? என்னைக் கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேன்."

"கேக்கலையே."

"எதைத்தான் கேட்ட? அந்த நோட்டைத்தான் கேப்ப."

நாற்பத்து நாலு நாள் எழுதிய பக்கங்களை அவர் கிழிக்கவில்லை. வீட்டு அளவு ஒவ்வொன்றின் பக்கத்திலும் "மூன்று கூட்டுக" என்று எழுதினார். அதற்கு இரண்டு இரவு பிடித்தது. அதை எழுதும்போதுதான், சரிவில் நிறுத்தியதற்குக் காரணம் பேட்டரி என்றால், அந்தப் பேட்டரி இன்னும் என்னென்ன செய்ய வைக்கிறது என்ற கேள்வி எழுந்தது. அடுத்த நாள் சட்டைப்பையிலிருந்த கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தார். கிருஷ்ணகிரியில் டாக்டரம்மா தபாலும் மருந்தும் வாங்கிவர எட்டு நிமிஷம், என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. முகாமில் கூலிக் குடிசைகளை அவர் ஒரு சுற்றுப் பார்த்துவர இருபத்தாறு நிமிஷம், ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பும்போது மேலுமலை உச்சியில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆறு நிமிஷமும் அப்படியே. அணைத்தால் மறுபடி கிளம்பாது என்ற பயம். தினமும் நாற்பது நிமிஷம் ஒரு அடிகூட நகராமல் பெட்ரோல் எரிந்துகொண்டிருந்தது. அந்த நிமிஷங்களை அவர் நோட்டில் எழுதியதே இல்லை, ஏனென்றால் அவற்றுக்கு மைல் கிடையாது.

"பேட்டரி புதுசு போடணுங்கம்மா" என்றார் மறுநாள்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"ஓடிக்கினு இருக்குதேன்னு வுட்டுட்டேன்."

"எனக்கும் இப்பிடித்தான் சொல்றாங்க. காய்ச்சல் முத்தின பிறகு வந்து, நடந்துக்கிட்டுத்தானேம்மா இருந்தேங்கறாங்க" என்றார் டாக்டரம்மா. அந்த வாரமே பெங்களூரிலிருந்து புது பேட்டரி வந்தது.

ஜூலை மாதம் முழுவதும் கங்கப்பன் நின்ற இடத்திலெல்லாம் என்ஜினை அணைத்தார், ஓடும்போது ஒருமுறையும் அணைக்கவில்லை. முப்பது மைல் வேகத்துக்கு மேல் போகவில்லை. திங்கள்தோறும் டயர்க் காற்றைப் பார்த்தார். ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே வண்டிக்கு வேகம் கொடுத்து, பாதி மலை வரை கியர் குறைக்காமல் ஏறினார். வீட்டில் குச்சி விடுவது தெருமுனைச் சமதரையில். காலை நாலு, மாலை ஆறரை, சில நாள் ஏழு.

ஜூலை முப்பத்தொன்று, செவ்வாய். சாயங்காலம் பங்கில் நின்றபோது மாதம் முழுவதற்கும் முப்பத்தைந்து கேலன் ஆகியிருந்தது, வேலை நாள் இருபத்தாறு, மைல் ஆயிரத்து நூற்று நாற்பத்து நாலு. கையில் ஒரு கேலன் சீட்டு மிச்சம். அதை முகாம் ஆபீசில் திருப்பிக் கொடுக்கப் போவதாகத் திம்மப்பனிடம் சொன்னார்.

திம்மப்பன் பம்புக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"உனக்குப் புத்தி இருக்குதா? இன்னிக்கு ஒரு கேலன் திருப்பிக் குடுத்தா நாளைக்கு முப்பத்தஞ்சு போதும்னு எழுதுவான். அடுத்த மாசம் முப்பத்துநாலு. அப்புறம் நீ காரைத் தலையில தூக்கிக்கினுதான் போவணும்."

"மிச்சம் மிச்சம்தானே?"

"அவனுக்கு எழுதுனது முப்பத்தாறு. உனக்குக் குடுத்தது முப்பத்தாறு. டேங்கில ஊத்திக்கினு போ. ஓட்டாம எங்கே போவப் போவுது?"

கங்கப்பன் யோசித்தார். டேங்கில் ஊற்றினால் அது காரில்தான் இருக்கும், நாளைக் காலை குச்சியிலும் தெரியும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சீட்டை நீட்டினார். குடுவை நிறைந்து, மெல்ல இறங்கிக் காலியாயிற்று.

டாக்டரம்மா பின்சீட்டிலிருந்து கேட்டார். "எத்தனை ஆச்சு?"

"முப்பத்தாறுங்கம்மா. அதுல ஒண்ணு ஆகஸ்டுக்கு."

மேலுமலை உச்சியில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, தண்ணீர் ஊற்றினார். சாவியைத் திருப்பியதும் கிளம்பியது. டாக்டரம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு, தெருமுனையில் காரை நிறுத்தி, குச்சியை விட்டு எடுத்து, துணியால் துடைத்து, நோட்டை பானெட்டின் மேல் வைத்து எழுதினார். நடந்து வீட்டுக்குப் போனபோது ரங்கம்மா வாசலில் நின்றிருந்தாள். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் தட்டை வைத்தாள்.

உட்காருமுன் கங்கப்பன் சட்டைப்பையிலிருந்து நோட்டை மறுபடி எடுத்தார். மூன்றாவது பத்தியை நிரப்ப மறந்திருந்தார். ஆறு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம் என்று எழுதிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.