கல்கத்தா காலண்டரும் உள்ளங்கைக் கணினியும்

பொன்னுத்தங்கத்துக்கு எதையும் கழற்றிப் பார்த்தால்தான் மனசு ஆறும். விருதுநகரில் கம்ப்யூட்டர் படித்தவள், சிவகாசியில் கனகசபாபதி அண்ணாச்சியின் அச்சகத்தில் டிசைன் வேலை பார்த்தாள். 2009 மழைக்காலத்தில் காகிதம் ஈரம் குடித்து விரிந்தது. நிறங்கள் விலகி விலகி விழுந்தன. ஈரம் ஏறினால் மணியடிக்க, ஈரமறியும் சென்சாரும் மணியும் பொருத்திய உள்ளங்கை அகலக் கணினிப் பலகை ஒன்றை வாங்கி உட்கார்ந்தாள்.

"நாளைக்கு காலண்டர் மெஷின்ல ஏறுது. அதுக்குள்ள இது மணி அடிச்சா எல்லா ஹாலுக்கும் நீயே செஞ்சு மாட்டு. இல்லேன்னா இதை மூட்டை கட்டிட்டு டிசைனைப் பாரு" என்றார் அண்ணாச்சி.

எழுதிய நிரலை இயந்திரத்துக்குப் புரிகிற மொழிக்கு மாற்றுவதுதான் கம்பைல். அதைப் பலகையிலேயே செய்து பார்த்தாள். நத்தையாய் ஊர்ந்தது. பாதியில் கரண்ட் போனது, மறுபடி முதலிலிருந்து. சலித்துப்போய், பலகையின் மொழிக்குக் கம்பைல் செய்து தரும் மென்பொருள் கருவியை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். டீ ஆறுவதற்குள் முடிந்தது. ஆனால் பலகையில் போட்டதும், தான் ஓடத் தேவையான துணைக்கோப்பு இங்கே இல்லை என்று நிரல் நின்றுவிட்டது.

மெஷின்காரர் வேலுச்சாமி எட்டிப் பார்த்தார். "என்னத்தா, கல்கத்தா காலண்டர் கதை ஆயிருச்சா?"

எது சொதப்பினாலும் அச்சகத்தில் சொல்கிற கதை அது. ஒருமுறை கல்கத்தாக் கடைக்கு வங்காள மொழியில் காலண்டர் அடித்தார்கள். ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. ஆனால் சூரிய உதய நேரத்தை மட்டும் சிவகாசிக் காலண்டரிலிருந்தே எடுத்துப் போட்டுவிட்டார்கள். "எழுத்து எங்களுது, சூரியன் உங்களுதா?" என்று போனில் கேட்டாராம் கடைக்காரர்.

சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். மொழி பலகையுடையதுதான். துணைக்கோப்புகள்? கருவி தன்னோடு வந்த புதியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறது. பலகையில் இருப்பவையோ பழையவை.

பலகையின் கோப்புகளையே ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு எடுத்துவந்து, இவற்றைத்தான் பார்க்க வேண்டும் என்று கருவிக்குச் சொல்லி, மறுபடி கம்பைல் செய்தாள். நிரல் ஓடியது. ஈரத்துண்டைச் சென்சார் பக்கத்தில் கொண்டுபோனதும் மணி அலறியது.

"ஏத்தா, வாயை மூடச் சொல்லு, காது போகுது!" என்றார் வேலுச்சாமி.

அண்ணாச்சி ஓடிவந்து பார்த்தார். "முதல்ல நாலாம் ஹால்ல மாட்டு. அங்கனதான் ஒழுகுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை, அதே நிரலைப் பலகையிலேயே மெதுவாகக் கம்பைல் ஆக விட்டுக் காத்திருந்தாள்.

"அதான் ஓடுதுல்லம்மா, இன்னும் என்ன?" என்றார் அண்ணாச்சி.

"ரெண்டு வழியில செஞ்சதும் ஒண்ணுபோல இருக்கான்னு பாக்கணும், அண்ணாச்சி. கரண்டை மட்டும் நீங்க பாத்துக்கிடுங்க."