தாதியிடம் சொன்ன நோவு

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். யாரிடமும் உதவி கேட்டு நின்றதில்லை.

என் கணவருக்குப் புற்றுநோய் என்று டொக்டர் சொன்னபோது, அவரிடம் வயிற்றுப் புண் என்றே சொல்லிவைத்தேன். "நோகுதோ?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை" என்பார். நானும் நம்பினேன்.

வீடு தேடி வந்து வலி தணிக்கும் மருந்து கொடுக்கும் தாதி ஒருத்தியை மகள் ஒழுங்குசெய்தாள். என்னைவிட அவரை யார் பார்ப்பார் என்று எனக்குக் கோபம். அவள் வந்த அன்று வாசல் படலையிலேயே மறித்து, "வருத்தத்தின்ரை பேரை அவருக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை" என்றேன்.

தேத்தண்ணியோடு அறைக்குப் போனபோது அவர் கதைப்பது கேட்டது.

"புற்றுநோய் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. முதுகுக்குள்ளை நெருப்பு வைச்ச மாதிரிக் கிடக்கு."

அவள் கையைப் பிடித்தபடி அழுதார். என் முன்னால் ஒருநாளும் அழாத மனிதர். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போல் இருந்தது எனக்கு.

அவள் மோர்பின் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் அயர்ந்து தூங்கி எழும்பியதும் கேட்டேன்.

"அவளுக்குச் சொன்னியள். எனக்கேன் சொல்லேல்லை?"

"உனக்குச் சொன்னால் நீ அழுவாய். அவள் மருந்து தருவாள்."

அடுத்த முறை அவள் இருக்க நானே கதிரை எடுத்துப் போட்டேன். அவளைக் கண்டு அவர் சிரித்தார். அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

நோவில்லாமல்தான் போய்ச் சேர்ந்தார். அது அவளால்தான். என் பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.

நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒருக்கா வாசி மோனை. அம்மம்மா அவளைக் கூடுதலாப் புகழ்ந்துபோட்டனோ எண்டு பாப்பம்.