முதல் வகுப்பு ஜெமீல் நானாவின் கடையில்

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல், இரத்மலானையில் நான் வேலை செய்யும் களஞ்சியசாலைக்கு ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் தையற்கடை வைத்திருப்பவர். “அண்ணை, ஜெமீல் நானா விடியக்காலமை மோசம் போயிட்டார். பின்னேரத் தொழுகை முடிய அடக்கத்துக்கு எடுக்கினமாம். கெதியா வாங்கோ,” என்றார். மேலாளரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பேருந்தில் அமர்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானா என்றால் எங்கள் நாட்டு முஸ்லிம்களின் பேச்சில் அண்ணன். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் போட்டோ கொப்பி எடுக்கும் சிறிய கடை வைத்திருந்தவர் ஜெமீல் நானா. ஒரு பழைய இயந்திரம், இரண்டு ஸ்டூல், பின்னால் திரை போட்ட ஓர் அறை, அவ்வளவுதான். மடித்த தாளை நீட்டினால் ஏசுவார். ஆனால் பிள்ளைக்குக் கட்டுப்படியான செலவில் டியூஷன் ஆசிரியர் தேடும் பெற்றோர் கடைசியில் வந்து நிற்கும் இடமும் அதுதான்.

இந்த மனிதருக்கு ஆசிரியர்களை எப்படித் தெரியும் என்பது எனக்கு வெகுநாள் புதிராக இருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். “எனக்குக் கணக்கு வராது தம்பி. கணக்குப் படிப்பிக்கிறவங்கட பேப்பர் எல்லாம் இங்கதானே வருது,” என்றார். வெள்ளவத்தையில் ஓடிய டியூஷன் குறிப்புகளில் பாதி அவருடைய கண்ணாடித்தட்டின் மேல் கிடந்து போனவை. யாருடைய குறிப்பைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் பிரதி எடுக்க வருகிறார்கள், யாருடையதை ஒரே தடவையோடு கைவிடுகிறார்கள் என்பதை அவர் நின்ற இடத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிலும் சறுக்கியிருக்கிறார். வெளிநாட்டு விசாவுக்காக லொட்ஜில் காத்திருந்த பொறியியலாளர் ஒருவரை ஒரு வீட்டுக்கு அனுப்ப, அவர் இரண்டே கிழமையில் கனடாவுக்குப் பறந்துவிட்டார். பிள்ளை திரிகோண கணிதத்தின் நடுவில் அந்தரத்தில் நின்றது. அதன் பிறகு யார் படிப்பிக்க வந்து கேட்டாலும் நானாவின் முதற்கேள்வி, “பாஸ்போட் எடுத்திட்டீங்களா?” என்பதுதான். எடுத்தவர்களுக்குப் பரீட்சை எழுதும் பிள்ளைகளைக் கொடுக்க மாட்டார்.

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, எங்கெங்கோ அலைந்து கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது என் மகள் அபி ஒன்றரை வருடப் படிப்பை இழந்திருந்தாள். சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வருடம்கூட இல்லை. கணிதத்தில் சித்தியடையாவிட்டால் உயர்தரம் படிக்க முடியாது. இருநூறு பேர் இருக்கும் பெரிய வகுப்புக்கு அனுப்பினோம். போனாள், வந்தாள், வாயே திறக்கவில்லை. தவணைப் பரீட்சையில் பதினெட்டுப் புள்ளி. தனி வகுப்புக்கு விசாரித்தால், வீட்டு வாடகையையும் கொடுத்துவிட்டு அந்தச் செலவைத் தாங்க என் சம்பளத்தால் முடியாது. சோம்பேறி, சோம்பேறி என்று பிள்ளையை ஏசிக்கொண்டிருந்தேன். அந்த நிலையில்தான் புள்ளி அறிக்கையோடு நானாவிடம் போனேன்.

அறிக்கையை அவர் கையால் தொடவில்லை. “இத வச்சிட்டு, புள்ளேட கொப்பியக் கொண்டாங்க,” என்றார். அபி கணக்குச் செய்யும் கொப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்பக்கத்திலிருந்து புரட்டினார். ஒரு தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

“பாருங்க தம்பி. அழிச்சி அழிச்சித் தாளே ஓட்டயாகி ஈக்கி. சோம்பேறிப் புள்ள இப்பிடி அழிக்குமா?”

நான் அவளைச் சோம்பேறி என்று ஏசுவதை அவரிடம் சொல்லியிருக்கவேயில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

“கொட்டாஞ்சேனையில ஒரு புள்ள ஈக்கி, சரோஜாண்டு. சாமான் கடையொண்டில காசு வாங்குற வேல. ஏ.எல். கணக்குச் செஞ்சி, கம்பஸ் போறது கொஞ்சத்தில தவறினது. அதுட நோட்ஸில ஒரு படி பாயிறதில்ல. ஒங்களுக்குக் கட்டுப்படியாகும்,” என்றார்.

“எந்த ஊர், நானா?” என்று கேட்டேன்.

“ஹட்டன் பக்கம். தேயிலத் தோட்டத்துப் புள்ள.”

“யோசிச்சுச் சொல்லுறன்,” என்றேன்.

எங்கள் ஆட்களின் பேச்சில் அதற்கு வேண்டாம் என்று பொருள். நானாவுக்கும் அது தெரியும். என் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர ஒரு தோட்டத்துப் பெண்ணா என்று நினைத்தேன். இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது, ஆனால் நினைத்தது அதைத்தான்.

அதற்குப் பதிலாக என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் ஊர்க்காரர், நான் படித்த அதே கல்லூரியில் படித்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைப் பிடித்தேன். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். வந்தால் முதல் அரைமணி என்னோடு ஊர்க் கோயில் திருவிழாவைப் பற்றிக் கதைப்பார். மிச்ச நேரத்தில் அபிக்கு மடமடவென்று கணக்குகளைச் செய்து காட்டிவிட்டு, “விளங்கிச்சோ?” என்பார். அவள் தலையாட்டுவாள். எனக்கு ஊர்க்கதை கேட்ட திருப்தி. மூன்று மாதம் இப்படிப் போனது. அடுத்த தவணையில் அவள் எடுத்தது பதினாறு.

திரும்பவும் நானாவிடம் போய் நின்றேன். இந்த முகத்தோடு என்ன கேட்பது என்று தயங்கினேன். “சனிக்கிழம பின்னேரம் புள்ளயக் கூட்டி வாங்க,” என்றார்.

முதல் வகுப்பைத் தன் கடைக்குள், அந்தத் திரைக்குப் பின்னால்தான் நடத்தவேண்டும் என்பது நானாவின் சட்டம். ஆசிரியரும் பிள்ளையும் உள்ளே, பெற்றோர் வெளியே. பிள்ளை தானாக ஒரு கேள்வி கேட்கவேண்டும். கேட்டால் அந்த ஆசிரியரை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம். கேட்காவிட்டால், ஆசிரியர் பேராசிரியராக இருந்தாலும், “இது சரிவராது சேர்,” என்று அனுப்பிவிடுவார். கணக்குத் தெரியாதவர் வைத்த பரீட்சை அது.

சரோஜா வந்தார். வேலையிலிருந்து நேராக வந்த மெலிந்த பெண், கையில் குடையும் ஒரு கொப்பியும். உள்ளே போனார்கள். நான் ஸ்டூலில் இருந்தேன். பத்து நிமிடம், இருபது நிமிடம், சரோஜாவின் குரல்தான் கேட்டது. பிறகு அபியின் குரல் மெல்லக் கேட்டது. உடனே நானா ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினார்.

“அக்கா, மைனசை மைனசால பெருக்கினா ஏன் பிளஸ் வருது? வரும் வரும் எண்டுதான் எல்லாரும் சொல்லினம்.”

“எனக்கும் ரொம்ப நாளா அது புரியாமத்தான் இருந்துச்சு. வா, ரெண்டு பேருமா பாப்போம். மைனஸ் ரெண்ட மூணால பெருக்கு. எவ்வளவு?”

“மைனஸ் ஆறு.”

“ரெண்டால? ஒண்ணால? சைபரால?”

“மைனஸ் நாலு. மைனஸ் ரெண்டு. சைபர்.”

“ஒவ்வொரு தடவையும் ரெண்டு ரெண்டா ஏறுதில்ல? அடுத்தது மைனஸ் ஒண்ணால பெருக்கு. இப்ப என்ன வரும்?”

பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு, “ஐயோ, பிளஸ் ரெண்டு!” என்று என் மகள் கத்தினாள். இரண்டு வருடங்களாக அந்தப் பிள்ளை அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தெருப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன். நானா என்னைப் பார்க்காத மாதிரி இயந்திரத்தை மீண்டும் ஓடவிட்டார்.

கிழமைக்கு இரண்டு நாள் சரோஜா கொட்டாஞ்சேனையிலிருந்து பேருந்தேறி வந்தார். குண்டு வெடித்து வீதி மூடிய நாட்களில் மட்டும் வகுப்பில்லை. கெடுபிடி கூடிய காலத்தில் வகுப்பு முடிந்ததும் நானாவே கடையைச் சாத்திவிட்டு அவரைப் பேருந்துத் தரிப்பிடம்வரை கூட்டிப்போவார். சோதனைச் சாவடியில் நிற்கும் சிப்பாயிடம், “மல்லி, மே அபே டீச்சர்,” என்பார். தம்பி, இவர் எங்கள் ஆசிரியை என்று சிங்களத்தில் அந்த ஒரு வசனம்தான். பல நாட்களில் மறித்து விசாரிக்காமல் விட அதுவே போதுமாக இருந்தது.

அபி கணிதத்தில் திறமைச் சித்தி பெற்றாள். பெறுபேறு வந்த அன்று மஸ்கற் இனிப்புப் பெட்டியோடு நானாவிடம் ஓடினேன். மகிழ்ச்சியில் மனதில் கிடந்த பாரத்தையும் கொட்டிவிட்டேன். “நானா, அண்டைக்கு நான் பின்வாங்கினது அந்தப் பிள்ளை தோட்டத்தாள் எண்டதாலதான். தயவுசெய்து அவவுக்கு இது தெரியவேண்டாம்.”

நானா ஒரு துண்டு மஸ்கற்றை வாயில் போட்டு மென்றார். “நான் இனிச் சொல்ல ஒண்டுமில்ல தம்பி,” என்றார். வாக்குத் தந்துவிட்டார் என்று நான் நிம்மதியாக வீடு திரும்பினேன்.

நீங்கள் ஏன் இதையெல்லாம் சும்மா செய்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டபோது, “கரண்ட் போனா மெஷின் ஓடாது. வாயாவது ஓடட்டுமே,” என்று சிரித்தார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதையும் பிடுங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை அவருடைய வீட்டு வாசலில் நின்றவர்களில் பாதிப்பேர் ஆசிரியர்கள், மீதிப்பேர் பெற்றோர். அபி பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். இன்று கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியையாக இருக்கும் சரோஜா அவளுடைய கையைப் பிடித்தபடி பெண்கள் பக்கம் நின்றார். நான் ஆண்களோடு மையவாடிக்குப் போய் என் பங்குக்கு மூன்று பிடி மண் போட்டேன்.

திரும்பி வந்து, அபியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சரோஜாவைப் பேருந்துக்கு விடப் போனேன். நானா போகும் அதே வழியால் போனோம். பேச்சோடு பேச்சாக, “முதல்ல நீங்கள் வர மூண்டு மாசம் பிந்திப்போச்சு, வீட்டில கொஞ்சம் கரைச்சல்,” என்று நான் ஏதோ உளறினேன்.

அவர் நின்றார். “அங்கிள், நானா என்கிட்ட அப்பவே சொல்லிட்டாருங்க. ‘ஒரு வீடு இருக்கு, ஒன்னோட ஊரக் கேட்டு யோசிக்கிறாங்க. திரும்பி வருவாங்க. வந்தா போவியா?’ன்னு கேட்டாரு.”

நானும் நின்றேன். “நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“போக மாட்டேன்னுதான் சொன்னேன். மூணு மாசமும் விடாமக் கேட்டாரு. கடைசியில, ‘அந்தப் புள்ள ஒனக்கு என்ன செஞ்சிச்சி?’ன்னாரு. அப்பத்தான் சரின்னு சொன்னேங்க.”

அப்படியென்றால், நான் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருந்த அந்த மூன்று மாதமும் என் பிள்ளைக்காக ஒரு மனிதர் இன்னொருவரிடம் மன்றாடிக்கொண்டிருந்திருக்கிறார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் இந்தப் பெண் எங்கள் படியேறி வந்திருக்கிறார். “என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ, ரீச்சர்,” என்றேன். சரோஜா என் கையைத் தொட்டார். பேருந்து வந்தது. ஏறும்போது திரும்பி, “அபிக்கு மட்டும் சொல்லிடாதீங்க அங்கிள். அப்பாவப் பத்தி வேற மாதிரி நெனச்சிரும்,” என்றார்.

மகளே, நீ இதை வாசிப்பாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஜெமீல் நானா, என் தலையைக் குனியவிடாமல் இத்தனை வருடம் காத்தீர்கள். இனி அது வேண்டாம். நிம்மதியாக உறங்குங்கள்.